மஞ்சப்பையோடு நின்றுபோகக் கூடாது: கடலூர் வீடுகளில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் ஓய்ந்த பிறகு, கடலூரில் பல வீடுகளைப் போல நாங்களும் அலமாரிகளைக் காலி செய்து எல்லாவற்றையும் வெயிலில் போட்டோம். அடித்தட்டில் துணிப்பைகள் மட்டும் முப்பத்தொன்று இருந்தன. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், ஜவுளிக்கடைப் பைகள், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று காசு கொடுத்து வாங்கிய பைகள். கடைக்கு எடுத்துப் போவது அதில் இரண்டே இரண்டு.

துணிப்பை தவறில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மஞ்சப்பை திரும்பி வந்தது நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கிலோ பஞ்சு விளைய உலகச் சராசரியில் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் போகிறது. ஒரு பையை நூறு, இருநூறு தடவை தூக்கினால்தான் அதற்குப் பலன். வீட்டில் அடுக்கி வைப்பதற்காக இன்னொரு பை வாங்குவது முதல் தவறு. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த பை எல்லாவற்றையும் விட மேல்.

இதைவிடப் பெரிய தவறு, பையை மாற்றியதோடு நம் பங்கு முடிந்தது என்று நினைப்பது. ஒரு வீடு தின்பதை விளைவிக்கவும், அது விடும் புகையை உள்வாங்கவும் எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்று பார்ப்பதுதான் சூழலியல் தடம். 1990களில் கனடாவில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் இருவரும் உருவாக்கிய கணக்கு இது. அந்தக் கணக்கில் பைக்கு இருக்கும் இடம் சிறியது. கரண்ட், தண்ணீர், சாப்பாடு, பெட்ரோல் ஆகியவைதான் பெரிய இடத்தை அடைக்கின்றன. நாமோ கண்ணில் படும் இடத்தில் சிக்கனம் பிடித்துவிட்டு, கண்ணில் படாத இடத்தில் அள்ளிக் கொட்டுகிறோம்.

அணைத்தும் ஓடும் மீட்டர்

கடலூர்க்காரர்களுக்குக் கரண்ட் எங்கிருந்தோ வருகிற பொருள் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும், நிலக்கரியை வெட்ட முடியும். நம் வீட்டுக்கு வருவது நெய்வேலி மின்சாரம் மட்டும் அல்ல, காற்றாலையும் சூரிய ஒளியும் நீர் மின்சாரமும் கலந்துதான் வருகிறது. இருந்தாலும் இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது.

ஒரு நாள் இரவு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றேன். சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மீட்டரில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். செல்போனில் நேரம் பார்த்தேன், நிமிடத்துக்கு இரண்டு முறை. ஒரு நாளைக்கு 2,880 சிமிட்டல், அதாவது 0.9 யூனிட். இரண்டு மாத பில்லில் 54 யூனிட்! அரசு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல், யாரும் எதையும் பயன்படுத்தாமலே போய்க்கொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ரிமோட்டில் அணைப்பது அணைப்பதே இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டும். இந்தச் சோதனையை உங்கள் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். எண் மட்டும் மீட்டருக்கு மீட்டர் மாறும், சிலவற்றில் 1600 என்று இருக்கும்.

சிக்கனம் என்ற பெயரில் ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதிலும் ஒரு தவறு உண்டு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தினமும் மணிக்கணக்காக ஓடும் பொருளை மாற்றலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ஃபேன் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 40 யூனிட் மிச்சம். செல்போன் அப்படி இல்லை. அது தன் ஆயுளில் விடும் புகையில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் சரி.

ஏசியை 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது தப்பு. சாதாரண ஏசி 18-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். 18-இல் அது நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம். 26-இல் வைத்து ஃபேனை மெல்ல ஓட விட்டால் போதும். மொட்டைமாடிக்குச் சித்திரைக்கு முன்னால் ஒரு தடவை வெள்ளை அடித்துவிட்டால், மேல்மாடி வீட்டில் ராத்திரி அந்த ஏசிக்கே வேலை குறையும்.

விசில் எண்ணிக்கை

அடுப்படியில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு, குக்கரை முழுத் தீயில் வைத்து ஐந்து விசில், ஆறு விசில் என்று எண்ணுவது. குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரிக்குப் போனதும் விசில் வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ கொடுத்தாலும் பருப்பு வேகமாக வேகாது. கொடுத்த கேஸ் ஆவியாகிக் கூரைக்குப் போகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். பருப்பையும் புழுங்கல் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகிவிடும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 40 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு சிலிண்டர் இன்னும் பத்து நாள் வந்தாலே லாபம்தான்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் விலை குறைவு என்று டேங்க் நிரப்புவதற்காகவே எல்லை தாண்டி வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. வேறு வேலையாகப் பாண்டி போகும்போது நிரப்புங்கள், நிரப்புவதற்காகப் போகாதீர்கள்.

நாறும் தொட்டி

மட்காத குப்பையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மட்கும் குப்பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சோறும் காய்கறித் தோலும் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் குப்பை மேட்டுக்குப் போனால், காற்று இல்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவை விட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் வீட்டிலேயே உரமாக்கச் சொல்கிறார்கள். நிறையப் பேர் ஆசையாகத் தொடங்கி, ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு வாசலில் இருந்த உரத்தொட்டியைக் காணவில்லை. "என்னக்கா, தொட்டியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"புழு வந்துடுச்சுப்பா. நாத்தம் தாங்கல, உங்க மாமா திட்டுறாரு."

பின்கட்டில் கிடந்த தொட்டியைத் திறந்து பார்த்தோம். சாம்பார் வண்டலும் தர்ப்பூசணித் தோலும் ஒரே சகதியாகக் கிடந்தது. எல்லாம் ஈரம், காய்ந்தது ஒரு பிடி கூட இல்லை. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால், அதன் மேல் அதே அளவோ கூடுதலாகவோ காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும். தெருவில் பாதாம் மர இலை கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு சாக்கு எடுத்து வந்தால் மூன்று வாரத்துக்கு வரும். ஒரு கரண்டி புளித்த மோர் ஊற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறி விட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. அக்கா வீட்டுத் தொட்டியில் பத்தாம் நாள் நாற்றம் போய் மண்வாசனை வந்துவிட்டது. புழுவும் எதிரி இல்லை, அதுவும் சேர்ந்துதான் தின்று முடிக்கிறது.

அந்தச் சருகைத் தெருமுனையில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொளுத்துகிறார்களே, அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பிவிசி வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அந்தப் புகையை முதலில் குடிப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அப்புறம், மட்கும் என்று போட்டு விற்கிற பைகளை நம்பி வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள். பெரிய உர ஆலையில் அறுபது டிகிரி சூட்டில் மட்குவதற்காகச் செய்தவை அவை. நம் தொட்டியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

உப்பேறும் தண்ணீர்

கடலோரத்தில் போர் தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால், காலியான இடத்தில் கடல் நீர் உள்ளே வரும். உப்பேறிய தண்ணீர் திரும்ப நல்ல தண்ணீராக ஒரு தலைமுறை ஆகலாம். இது தெரிந்தும் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மாடித் தொட்டி வழிந்து தெருவில் ஓடுகிறது. ஒரு மிதவை சுவிட்ச் பொருத்தினால் தீரும்.

ஆர்ஓ என்ற குடிநீர் வடிகட்டும் இயந்திரம் வாங்குமுன் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் உப்பை எடுக்க ஆர்ஓ தேவையில்லை, கொதிக்கவைத்துக் குடித்தால் கிருமிக்குப் போதும். ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆர்ஓ இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அந்தக் கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம்.

மழைநீரைத் தரைக்குள் இறக்கும் தொட்டி 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், பல வீடுகளில் இருக்கிறது. திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில், வருடத்துக்கு சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர் விழுகிறது. ஆவியாவது, சிதறுவது போனால்கூடத் தொண்ணூறாயிரம் லிட்டர் தரைக்குள் போகும். எங்கள் வீட்டுத் தொட்டியைப் போன புரட்டாசியில் திறந்தோம். மணல் மேல் விரல் கனத்துக்குச் சேறு படிந்து, அதில் வேப்பங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அந்த மணலில் ஒரு குடம் ஊற்றினால் அப்படியே நின்றது. மேல் அரையடி மணலை அள்ளி, அலசி, காயவைத்துத் திரும்பப் போட இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுது ஆனது. ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் வீட்டிலும் செய்துவிடுங்கள். முதல் மழையை மட்டும் குழாய் மூடியைக் கழற்றி வெளியே விடுங்கள், மாடியில் கிடக்கும் காக்கை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். இரண்டாவது மழைக்கு மூடியைப் போட்டுத் தொட்டிக்குத் திருப்பிவிடலாம்.