படுவான்கரையில் உடைந்த வீதிக்காக முறையிடும் வழி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மாரி வெள்ளத்தில் ஊர்ப்பாதை அறுந்துவிட்டால், எவரிடம் முறையிடுவது என்று ஓடுவதற்கு முன்னர் அவ்வீதி எவருக்கு உரியது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச சபையிலோ கேட்டறியுங்கள். பிரதேச சபை, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் ஆகியவற்றுள் ஒன்றின் வீதிக்கு மற்றொன்று பொறுப்பேற்காது; இதை அறியாமல் எங்கள் ஊரார் ஒரு மாரி முழுவதையும் தவறான வாசலில் கழித்தோம்.

கடிதத்தில் "வீதி மோசம்" என்று எழுதுவது போதாது. மதகு இடிந்த இடம், முழங்காலளவு நீர் நிற்கும் தூரம், பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கடக்கும் படம் ஆகியவற்றுடன், கிராம அபிவிருத்திச் சங்கத்தினதும் கமக்காரர் அமைப்பினதும் கையொப்பங்களைச் சேர்த்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையைக் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிரதேச சபை வீதியாயின் வட்டார உறுப்பினரை நாடுங்கள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத்திட்டம் ஆண்டிறுதியில் சபைக்கு வருவதால், புரட்டாதிக்கு முன்னரே கோரிக்கை அவர் கையில் இருக்க வேண்டும். பதில் வராவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கைக்கு என்ன நடந்தது என்று அந்நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.