பள்ளி வேலையோடு சைடு பிசினஸ்: அமெரிக்காவில் வெள்ளையரல்லாத ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பத்துக்கு எட்டு பேர் வெள்ளையர். மீதமுள்ள கறுப்பின, லத்தீனோ, ஆசிய, பூர்வகுடி ஆசிரியர்கள் தலையில் சம்பளப் பட்டியலில் இல்லாத வேலைகள் வந்து விழுகின்றன. ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த பெற்றோர் வந்தால் மொழிபெயர்க்க வேண்டும். தங்கள் இனத்துப் பிள்ளை வம்பில் மாட்டினால் பேசிச் சமாளிக்க வேண்டும். பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாற்று மாத விழாவை எடுத்து நடத்த வேண்டும். கல்வித்துறைச் செயலராக இருந்த ஜான் கிங் 2016-இல் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்று எழுதினார்.

சைடு பிசினஸ் தொடங்கும்போது இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. இத்தனை நாள் இனாமாகச் செய்த வேலைக்கு விலை சொல்ல வாய் வருவதில்லை. இன்னொரு பக்கம், பள்ளிக்குச் சொந்தமான பொருளைத் தன்னுடையது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். பள்ளிக்கும் சொந்தத் தொழிலுக்கும் நடுவே முதல் நாளிலேயே கோடு போடாததுதான் இரண்டுக்கும் காரணம்.

வகுப்புக்குத் தயாரித்ததை விற்பது

ஒர்க்‌ஷீட், வினாத்தாள், பாடத்திட்டம் ஆகியவற்றை இணையத்தில் விற்பதுதான் பலருடைய முதல் முயற்சி. 1976-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். நியூயார்க் மாநில ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2004-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொன்னது: அவர் தன் வகுப்புக்காகத் தயாரித்த தேர்வுகளும் வீட்டுப்பாடங்களும் பள்ளியுடையவை. வீட்டில் ராத்திரி உட்கார்ந்து எழுதினேன் என்பது மட்டும் போதாது. யாருக்காக எழுதினீர்கள் என்பதும் பார்க்கப்படும்.

எனவே முதலில் ஒப்பந்தத்திலும், பள்ளி மாவட்டத்தின் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கொள்கையிலும் பதிப்புரிமைப் பத்தியைத் தேடிப் படியுங்கள். சில மாவட்டங்கள் உரிமையை ஆசிரியருக்கே விட்டிருக்கும். அப்படி இல்லாவிட்டால், நீங்கள் நடத்தாத வகுப்புக்கோ பாடத்துக்கோ புதிதாக எழுதுங்கள். ஏழாம் வகுப்பில் கணக்கு நடத்துபவர் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு வழிகாட்டி எழுதினால் சிக்கல் குறைவு. பள்ளி லேப்டாப், பள்ளி மின்னஞ்சல், பள்ளி வாங்கித் தந்த மென்பொருள் எதையும் இதற்குத் தொடாதீர்கள். அரசுப் பள்ளி மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் பொதுப் பதிவுச் சட்டப்படி கேட்டு வாங்க வழி உண்டு. வேலையை விட்ட அன்று அந்தக் கணக்கும் கோப்புகளும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். விளம்பரத்தில் மாணவர் படம், பெயர், மதிப்பெண் போடுவது கூடவே கூடாது.

சொந்த மாணவருக்குக் காசு வாங்கி டியூஷன்

மதிப்பெண் போடுகிறவரே பணமும் வாங்கினால் அது நலன் முரண். பல மாவட்டங்கள் இதை நேரடியாகத் தடுத்திருக்கின்றன. நியூயார்க்கில் நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தின் 68-ஆம் அத்தியாயம் இன்னும் கடுமையானது: நகர ஊழியர் (அரசுப் பள்ளி ஆசிரியரும் இதில் சேர்த்தி), நகரத்தோடு வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் விலக்கு வாங்காமல் பங்கு வைத்திருக்கக் கூடாது. சொந்த மாவட்டத்துக்கே பயிற்சிப் பட்டறை நடத்தி பில் அனுப்ப நினைப்பவர்கள், அதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பிரின்சிபால் வாய்வார்த்தையாகச் சரி சொன்னது கணக்கில் வராது.

விசாவைப் பார்க்காமல் இறங்குவது

இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் எச்-1பி (வேலை விசா), ஜே-1 (பரிமாற்றத் திட்ட விசா) ஆகியவற்றில் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. எச்-1பி விசா, விண்ணப்பித்த முதலாளியிடம் வேலை செய்ய மட்டுமே. சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளுக்குக் காசு வாங்கி டியூஷன் எடுத்தாலும் அது அனுமதியில்லாத வேலை. பின்னால் க்ரீன் கார்டு விண்ணப்பத்தில் வந்து நிற்கும். வருமானத்துக்கு ஒழுங்காக வரி கட்டினாலும் இந்தத் தவறு சரியாகாது. க்ரீன் கார்டு உள்ளவருக்கோ, எச்-4 விசாவில் (எச்-1பி உள்ளவரின் குடும்பத்தினருக்கானது) வேலை அனுமதி அட்டை பெற்றவருக்கோ இந்தத் தடை இல்லை.

மணிக்கு 40 டாலர் என்பது 40 டாலர் அல்ல

மாணவர் வீட்டுக்கே போய் மணிக்கு 40 டாலருக்கு டியூஷன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சுய தொழில் வரி 15.3%. அது லாபத்தின் 92.35% மேல் கணக்கிடப்படும்; ஆக சுமார் 5.65 டாலர். 22% வரி அடுக்கில் இருந்தால், கழிவுகள் போக, கூட்டாட்சி வருமான வரியாக இன்னும் 7 டாலர் அளவில் போகும். கையில் 27 டாலர் நிற்கிறது. போக வர அரை மணி நேரம், தயாரிப்பு 20 நிமிடம் சேர்த்தால் உழைத்தது 1 மணி 50 நிமிடம். மணிக்கு 15 டாலர்கூடத் தேறவில்லை. மாநில வரியும் பெட்ரோலும் தனி. விலையை இப்படிப் பின்னாலிருந்து கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நம் சமூகத்துப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்று நெஞ்சு கனத்தால், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ இலவச இடம் என்று ஒதுக்குங்கள். எல்லோருக்கும் விலையைக் குறைத்தால் ஆறு மாதத்தில் களைத்துப்போய் மொத்தத்தையும் நிறுத்திவிடுவீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அதனால் நஷ்டம்தான்.

ஆண்டு நிகர லாபம் 400 டாலரை எட்டினாலே சுய தொழில் வரி உண்டு. 1099 படிவம் (பணம் கொடுத்தவர் தரும் வருமான விவரம்) வரவில்லையே என்பது காரணமாகாது. வரும் பணத்தில் 25 முதல் 30 சதவீதத்தை அன்றே தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆண்டு முடிவில் 1,000 டாலருக்கு மேல் வரி பாக்கி வரும் என்று தெரிந்தால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். நான்கு தேதிகளை நினைவில் வைப்பதைவிட எளிய வழி ஒன்று ஆசிரியர்களுக்கு உண்டு: சம்பளத்தில் வரி பிடிப்பதற்காகப் பள்ளியில் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) என்ற இடத்தில் கூடுதல் தொகை எழுதிக் கொடுத்துவிட்டால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

டெக்சாஸ், கலிஃபோர்னியா, இல்லினாய், மாசசூசெட்ஸ், ஒஹையோ போன்ற மாநிலங்களில் பெரும்பாலான ஆசிரியர் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (கூட்டாட்சி அரசின் ஓய்வூதியத் திட்டம்) பிடிப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் வரிக்குப் பயந்து சைடு வருமானத்தை மறைப்பது இரட்டை நஷ்டம். சுய தொழில் வரி கட்டிய வருமானம் அந்தத் திட்டத்தில் சேரும்: 2025 கணக்குப்படி 1,810 டாலருக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. 40 சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி. ஆசிரியர் பென்ஷன் வாங்குபவருக்கு இந்தத் தொகையைக் குறைத்த விதியும் 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கிவிட்டது.

வாடிக்கையாளருக்கு முன் காகிதம்

முதல் மாதமே எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் நிறுவனம்) பதிவு செய்ய ஓடாதீர்கள். கலிஃபோர்னியாவில் லாபம் இல்லாவிட்டாலும் அதற்கு ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி. தொழிலுக்கான வரி அடையாள எண்ணை (இஐஎன்) கூட்டாட்சி வரித்துறையான ஐஆர்எஸ் தளம் இலவசமாகத் தருகிறது. காசு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

சிறுபான்மையினர் தொழில் சான்றிதழும் அப்படித்தான். பெரிய நிறுவனங்களுக்கு விற்கப் போகிறவருக்கு அது பயன்படும், டியூஷன் எடுப்பவருக்குப் பயனில்லை. இன அடிப்படையிலான மானியத்தை முதலீடாக எண்ணித் திட்டம் போடுவதும் இப்போது ஆபத்து. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் நடத்திய மானியப் போட்டியை 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. செப்டம்பரில் சமரசம் செய்து அந்தப் போட்டியையே மூடினார்கள்.

பிப்ரவரி உரை, இனாமாக

வேறு பள்ளியோ மாவட்டமோ பேச அழைத்தால், "பட்ஜெட் எவ்வளவு?" என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். தயாரிப்பு, பயணம், பின்னால் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகை சொல்லுங்கள். பெரும்பாலான மாவட்டங்களின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. மே மாதம் கேட்டால் பணம் இருக்காது, அல்லது அவசரமாகச் செலவழிக்கப் பார்ப்பார்கள். உங்கள் வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவத்தை முன்பே அனுப்பிவிட்டு, பர்ச்சேஸ் ஆர்டர் (செலவுக்கு மாவட்டம் தரும் எழுத்து ஒப்புதல்) எண் கைக்கு வந்த பிறகுதான் ஸ்லைடு செய்ய உட்காருங்கள். அந்த எண் இன்வாய்ஸில் இல்லாவிட்டால், அழைத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்குப் பிரிவு பணம் தராது.