பெங்களூரில் இருந்துகொண்டு புதுச்சேரி வீட்டைக் காப்பாற்ற

என் மாமனார் விட்டுப்போன வீடு புதுச்சேரியில், தமிழர் பகுதியில் இருக்கிறது. நாங்கள் இருப்பதோ பெங்களூர் அல்சூரில். கீழே திண்ணை, மரத்தூண், முற்றம். மாடியில் வளைவு ஜன்னலும் பிரெஞ்சுக்காரர் பாணிப் பூச்சு வேலையும். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பின் மறுபடி எழும்பிய ஊரில், இப்படிப்பட்ட கலப்பு வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று உங்கள் பெயரிலும் இருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் மொட்டைமாடி. சுவரின் நிறம், கதவு பாலிஷ் எல்லாம் அப்புறம். அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்; இங்கே ஜூனிலேயே நனைந்து பழகிய நமக்கு அந்தக் கணக்கு தவறிவிடும். கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில்தான் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியது. ஆகவே ஆவணிக்குள் ஒரு சனி, ஞாயிறு போய் மாடி ஏறிவிடுங்கள்.

இப்படிப்பட்ட பழைய வீட்டுக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்த கூரை அது. தட்டோடுகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் போகும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். கன்றை ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்துவிட்டு அந்த ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். கீழே வந்து, கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். பொதபொதவென்று இறங்கினால் கட்டை இற்றுவிட்டது. அதை மாற்றாமல் மேலே கலவை ஏற்றினால் பாரம்தான் கூடும்.

அடுத்து கொத்தனார். "சிமெண்ட் பூசிட்டா நாப்பது வருஷம் கவலையில்லம்மா" என்பார். தலையாட்டிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைக்கும். உப்பு உறைந்து செங்கல் பொடியாகும், பூச்சு பாளம் பாளமாக விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளையடித்தால் போதும்.

தண்ணீர் விட்டு நீற்றி நன்றாக ஊறிய சுண்ணாம்பில் மணலோ செங்கல் பொடியோ சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விடுவது பழைய வழக்கம். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. அதுவரை ஈரம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து இறுகும் பொருள் அது. அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

தெருப்பக்க முகப்பில் கைவைக்கும் முன் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரி அலுவலகத்தில் பேசுங்கள். வைசியாள் வீதி முகப்புகளை மீட்டவர்கள் அவர்கள்.

ஊர் திரும்பியதும் தினமும் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். பூசிய சுவர் மட்டும் போதாது, கலவை போடும் இடமும் படத்தில் வேண்டும். ஓரத்தில் சிமெண்ட் மூட்டை தெரிந்தால் உடனே போன் போட்டு வேலையை நிறுத்துங்கள்.