கறுப்பு பெல்ட் வந்தாச்சு, அப்புறம்? டேக்வாண்டோ பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் டேக்வாண்டோ வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "பிளாக் பெல்ட் எப்போ சார் வரும்?" என்பதுதான். உடற்பயிற்சிக்காக அனுப்புகிறவர்கள் அப்படிக் கேட்டால் குற்றமில்லை. பிள்ளை மாநில, தேசியப் போட்டிகள் வரை போய் ஆட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது தவறான கேள்வி. பெல்ட் தேர்வில் தெரிந்த அசைவைத் திருத்தமாகச் செய்துகாட்டினால் போதும். சண்டை ஆட்டமான கியோருகியில் எதிரே நிற்பவன் அசைந்துகொண்டே இருப்பான். எதிராளி இல்லாமல் வரிசையாக அசைவுகளைச் செய்துகாட்டும் பூம்சேயில் வகுப்பிலேயே முதலாக நிற்கும் பிள்ளை, இங்கே முதல் முப்பது நொடியில் மூச்சு வாங்குவது சகஜம். இன்னொன்று, பெல்ட் தகுதிகளுக்குச் சான்று தரும் கொரியத் தலைமையகமான குக்கிவோனின் முறைப்படி 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடைப்பது 'பூம்' தகுதி. அதற்குக் கறுப்பும் சிவப்புமான பெல்ட். பத்து வயதில், பெரியவர்களுக்கான கறுப்பு பெல்ட் தகுதியான 'டான்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொஞ்சம் விசாரியுங்கள்.

அடுத்தது பதக்கக் கணக்கு. வயது, எடை, ஆண், பெண், பெல்ட் நிறம் என்று பிரித்துக்கொண்டே போனால் சில பிரிவுகளில் இரண்டே பேர்தான் மிஞ்சுவார்கள். ஒரே ஒரு ஆட்டம், தங்கம். எதிராளி வரவில்லை என்றால் அந்த ஒரு ஆட்டமும் ஆடாமலே தங்கம். மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ்! "என்ன பதக்கம்?" என்று கேட்பதை விட "எத்தனை பேரோடு ஆடினாய்? யாரிடம் தோற்றாய், எந்த உதையில்?" என்று கேட்டால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும். பெரிய பிரிவில் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியவன், ஆளில்லாத பிரிவில் ஜெயித்தவனை விட முன்னால் இருக்கிறான் என்றே சொல்வேன்.

எல்லாவற்றையும் விட அதிகம் கெடுப்பது எடைக் குறைப்பு. ஜூனியர் ஆண்களில் 55, 59, 63 என்று நாலு கிலோ இடைவெளியில் பிரிவுகள் போகின்றன. 57 கிலோ இருக்கும் பையனை 55-க்குள் தள்ளிவிட்டால் சின்ன ஆட்களோடு ஆடலாம் என்பது கணக்கு. வேலூர் மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் ரெயின்கோட் போட்டு ஓடவிடுவது, முந்தின நாள் தண்ணீரை நிறுத்துவது, வாயில் எச்சில் ஊற வைத்துத் துப்பச் சொல்வது, எல்லாம் நடக்கிறது. எடை பார்ப்பது வழக்கமாக ஆட்டத்துக்கு முந்தின நாள். குறைத்த நீர் ஒரே ராத்திரியில் முழுதாகத் திரும்பிவிடாது. காய்ந்துபோன உடம்போடு களத்தில் இறங்கினால் கால் எழும்பாது, கவனமும் நிற்காது. வெயிலில் மயங்கி விழும் ஆபத்து வேறு. பெண் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து மாதவிடாயே நின்றுபோனால், 'பயிற்சி ஜாஸ்தி, அதனால்தான்' என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு வரை பாதிக்கும் விஷயம் அது.

எடைப் பிரிவு என்றால் என்ன என்று வேலூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியது ஒரே 77 கிலோ பிரிவில். ஆனால் அவர் வளர்ந்து முடிந்த ஆள். 13 வயதுப் பையன் நாலு வருடம் ஒரே எடையில் இருந்தால் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். ஒலிம்பிக் டேக்வாண்டோவில் ஆண்களுக்கு 58, 68, 80, 80-க்கு மேல் என நாலே பிரிவு. பெண்களுக்கு 49, 57, 67, 67-க்கு மேல். அந்தப் பிரிவுகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் நெடுநெடுவென்று கால் நீண்டவர்கள். ஆக, பிள்ளையை வளரவிட்டு, வளர்ந்த உடம்புக்கு ஏற்ற தூரத்தை வைத்து ஆடப் பழக்குவதுதான் வழி. ஒரே வருடத்தில் உயரம் கூடும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி வரும். அந்தச் சமயத்தில் குதித்து உதைக்கும் பயிற்சியைக் குறைக்க வேண்டும், தைலம் தேய்த்து ஓட்டக் கூடாது.

பயிற்சியில் ஒரு குறை. பேடில் 'டப்'பென்று சத்தம் வந்தால் நல்ல உதை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். போட்டியில் மாட்டும் மார்புக் கவசமான மின்னணு ஹோகுவுக்குச் சத்தம் தெரியாது. காலுறையில் இருக்கும் சென்சார், கவசத்தில் சரியான இடத்தில், போதுமான அழுத்தத்தில் பட வேண்டும். உடம்பில் உதைத்தால் 2, தலையில் 3, சுழன்று உடம்பில் உதைத்தால் 4, சுழன்று தலையில் என்றால் 5. குத்துக்கு 1, அதை நடுவர்கள் தருகிறார்கள். கோட்டைத் தாண்டினாலோ விழுந்தாலோ 'கம்ஜோம்' என்ற தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி. மின்னணு ஹோகு விலை அதிகம், எல்லா வகுப்பிலும் இருக்காது, சரி. ஆனால் மாநிலப் போட்டியில்தான் முதன்முதலாக அதை மாட்டிப் பார்ப்பது என்றால் தோல்வி பாதி நிச்சயம். நாலைந்து வகுப்புகள் சேர்ந்து ஒரு செட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரோடொருவர் ஆடலாம். புது எதிராளிகளும் கிடைப்பார்கள். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிப்பவருக்கே ஆட்டம் என்ற விதி வந்த பிறகு, முதல் சுற்றில் பன்னிரண்டு புள்ளியில் தோற்பதும் ஒரு புள்ளியில் தோற்பதும் ஒன்றுதான். எல்லாச் சுற்றுப் புள்ளிகளையும் கூட்டிய காலத்தைப் போல, கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கத்தை இன்னும் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

காகித விஷயத்தில் கோட்டை விடுவது தனி வேதனை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர்ப் பிள்ளை திருப்பத்தூர், ஆற்காடு வாலாஜாப் பிள்ளைகள் ராணிப்பேட்டை. வகுப்பு வேலூரில் இருந்தாலும் எந்த மாவட்டத் தேர்வில் இறங்க வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். உலக டேக்வாண்டோ விதியில் வயது, பிறந்த ஆண்டை வைத்துத்தான், பிறந்த தேதியை வைத்து அல்ல. 'நேஷனல்', 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்து நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிகள் ஏராளம். பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிரப்களில் சிலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கும், அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. லேபிளைப் படியுங்கள்.

ஜூனியர் பிரிவு 15 வயதில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அப்போதுதான். ஜூனிலேயே பயிற்சியை அடியோடு நிறுத்தி, 'பரீட்சை முடிந்ததும் பார்க்கலாம்' என்கிற வீடுகள் நிறைய. அதற்குள் ஒரு வருடம் போய்விடும், பதினொன்றில் மறுபடி வருகிற பிள்ளைகள் குறைவு. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், கால் நகர்வும் உடல் தகுதியும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிகளை மட்டும் அந்த வருடம் குறைத்துவிடலாம்.