மினியேச்சர் போர் விளையாட்டு: விதிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உண்மையில் நடந்த ஒரு போரைச் சிறு உருவங்களைக் கொண்டு மேசைமீது மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் வரலாற்று மினியேச்சர் விளையாட்டு. 6, 10, 15 மி.மீ. உயர வீரர்கள், ஓர் அளவுநாடா, சில பகடைகள், ஒரு விதிநூல் இருந்தால் தொடங்கிவிடலாம். இவற்றில் உருவங்களைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கும் புதியவர்கள், விதிநூலை மட்டும் அட்டைப்படத்தையோ யாரோ சொன்ன பெயரையோ நம்பி வாங்கிவிடுகிறார்கள். பாதி வண்ணம் தீட்டிய படை பரணுக்குப் போவதற்கு, நான் பார்த்தவரை, இதுவே முதல் காரணம்.

“எது சிறந்த விதிநூல்?” என்று கேட்பதிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. அந்தப் போர்க்களத்தில் நான் யாராக நிற்க விரும்புகிறேன் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும்.

1815 ஜூன் 18-ஆம் தேதி, நெப்போலியனின் பிரெஞ்சுப் படைக்கும் வெலிங்டன் தலைமையிலான பிரிட்டிஷ் கூட்டுப்படைக்கும் நடந்த வாட்டர்லூ போரை எடுத்துக்கொள்வோம். வெலிங்டனின் வீரர்கள் காத்துநின்ற ஊகோமோன் பண்ணையின் வடக்கு வாசலை உடைத்துப் பிரெஞ்சு வீரர்கள் உள்ளே புகுந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் மக்டொனெலும் உடனிருந்த சிலரும் முட்டித் தள்ளிக் கதவை மீண்டும் சாத்தினார்கள். அந்தச் சில நிமிடங்களை ஆட வேண்டுமென்றால் ஓர் உருவம் ஒரு மனிதனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அதிகாரிக்கும் தனி எடை இருக்க வேண்டும். ‘ஷார்ப் பிராக்டிஸ்’ போன்ற விதிநூல்கள் இதற்காகவே எழுதப்பட்டவை. அடுத்து யார் செயல்படுவார் என்பதை அங்கே குலுக்கல்தான் சொல்லும். ஒரு பிரிகேடு (சில பட்டாலியன்கள் சேர்ந்த படை) தளபதியாக நிற்க விரும்பினால் கவலைகள் மாறுகின்றன: சில நூறு பேர் கொண்ட பட்டாலியனை வரிசையாக விரிப்பதா, நெடும்பத்தியாக நகர்த்துவதா, குதிரைப்படை வருவதற்குள் நாற்புறமும் காக்கும் சதுரம் அமைக்க நேரம் இருக்கிறதா? 2009-இல் வெளிவந்த ‘பிளாக் பவுடர்’ இந்த மட்டத்துக்குப் பொருந்தும். வெலிங்டனாக நிற்க விரும்புபவருக்குச் சதுரம் பற்றிய கவலையே வரக்கூடாது. கையிருப்புப் படையை எங்கே வைப்பது, எப்போது அனுப்புவது, துணைக்கு வரும் பிரஷ்யப் படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பது எப்படி என்பவையே அவருடைய சிக்கல்கள். ‘புளூக்கர்’ விதிநூலில் மிகச் சிறிய காயே ஒரு முழு பிரிகேடுதான்.

இந்த மூன்றையும் ஒரே ஆட்டத்தில் எதிர்பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. வெலிங்டனிடம் ஏறத்தாழ 50,000 காலாட்படையினர் இருந்தார்கள். 600 பேர் கொண்ட பட்டாலியன்களாகப் பிரித்தால் 80-க்கும் மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் அணிவகுப்பு, மனவுறுதி, துப்பாக்கிச்சூடு என்று தனித்தனியாகப் பகடை உருட்டினால், ஒரு பட்டாலியனுக்கு ஒரு நிமிடம் என்றாலும், ஒரு பக்கத்தின் ஒரு சுற்றுக்கே ஒரு மணி நேரம் தாண்டிவிடும். பிரஷ்யர்கள் வந்து சேர்வதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

உண்மையான போரில் இந்த மட்டங்கள் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊகோமோனில் தீப்பிடித்தபோது, கட்டடத்தை எப்படித் தக்கவைப்பது என்று வெலிங்டனே சிறு குறிப்பு எழுதி அனுப்பினார். ஆனால் ஓரிடத்தில் கவனம் செலுத்தும் தளபதி அந்த நேரத்தில் வேறிடத்தைப் பார்க்க முடியாது. அந்த விலையை வாங்கத் தெரிந்த விதிநூல் மதிப்புள்ளது. அப்படித் தலையிடுவதை இலவசமாகத் தரும் விதிநூலை நான் நம்புவதில்லை.

அடுத்து, உருவத்தின் உயரத்தையும் நிலத்தின் அளவையும் குழப்பிக்கொள்வது. 28 மி.மீ. உருவம் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. அதே விகிதத்தில் நிலத்தையும் சுருக்கினால், மஸ்கெட் துப்பாக்கி ஓரளவு பலன் தரும் 100 மீட்டர் தூரமே மேசையில் 1.67 மீட்டராகிவிடும். 6 மி.மீ. உருவம் 300-இல் ஒரு பங்கு. அதிலும் வாட்டர்லூவின் 4 கி.மீ. போர்முனைக்கு 13 மீட்டர் நீள மேசை வேண்டும். ஆகவே ஏறக்குறைய எல்லா விதிநூல்களும் நிலத்தை உருவத்தைவிட அதிகமாகச் சுருக்குகின்றன. எவ்வளவு சுருக்குகின்றன என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். 120 செ.மீ. மேசையில் 4 கி.மீ. முனையை அடக்கினால் 1 செ.மீ. என்பது 33 மீட்டர். மஸ்கெட் தூரம் வெறும் 3 செ.மீ. அந்த மேசையில் 20 செ.மீ. தூரம் சுட விடும் விதி, மஸ்கெட்டுக்கு 660 மீட்டர் எட்டும் வலிமையைக் கொடுத்துவிடுகிறது. அது பீரங்கியின் வேலை.

உயரத்தை மட்டும் பார்த்து ஒரு விதிநூலை ஒதுக்குவதும் இதே குழப்பத்தின் மறுபக்கம். பிளாக் பவுடர் 28 மி.மீ. உருவங்களையும் பெரிய மேசையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன் அங்குலங்களை எல்லாம் சென்டிமீட்டராகப் படித்துக்கொண்டால் 12 அடிக்கு 6 அடி மேசை 144-க்கு 72 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும், 6 மி.மீ. படைக்கு அது அழகாகப் பொருந்துகிறது.

தடிமனான நூல்தான் வரலாற்றுக்கு நெருக்கமானது என்ற நம்பிக்கையும் தவறானது. 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் உருவாக்கிய கிரீக்‌ஷ்பீல் விளையாட்டு பகடையையும் சேத அட்டவணைகளையும் நம்பியது. அரை நூற்றாண்டு கழித்து, 1876-இல், பிரஷ்ய அதிகாரியான வெர்டி டு வெர்ன்வா அந்தச் சுமையை இறக்கிவைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். போரைத் தொழிலாகக் கொண்டவரே அப்படி நினைத்தார் என்பதை நாம் மறக்கக்கூடாது. முப்பது பகடைகளை உருட்டி, பட்டவை எத்தனை, தப்பியவை எத்தனை என்று எண்ணி வரும் முடிவும், இரண்டு பகடைகளை ஒப்பிட்டு வரும் முடிவும் சராசரியில் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுவது செலவாகும் நேரம்.

பக்கங்களை எண்ணுவதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. நன்கு தெரிந்த ஒரு நிகழ்வை அந்த விதிகளுக்குள் செலுத்திப் பாருங்கள். வாட்டர்லூவில் பிற்பகலில் பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் காலாட்படையைச் சிதறடித்து இரண்டு கழுகுக் கொடிகளைக் கைப்பற்றியது. பிறகு கட்டுப்பாடில்லாமல் பிரெஞ்சுப் பீரங்கிகள்வரை ஓடி, களைத்த குதிரைகளோடு ஈட்டிப்படையிடம் சிக்கிச் சீரழிந்தது. வெற்றி பெற்ற குதிரைப்படை, உங்கள் விதிநூலில், சொன்ன இடத்தில் சமர்த்தாக நிற்கிறதா? அப்படியென்றால் அது நெப்போலியன் காலத்து நூல் அல்ல. நான்கு மணிக்குமேல் பிரெஞ்சு மார்ஷல் நெய் மீண்டும் மீண்டும் நடத்திய குதிரைப்படைத் தாக்குதல்கள் சதுரங்களில் மோதி வீணாயின. நான்கில் ஒரு சதுரம் உடைந்துவிடும் விதி அங்கே தோற்றுவிடுகிறது. எல்லாக் காலத்துக்கும் ஒரே நூல் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ரோமப் படைக்கும் நெப்போலியன் படைக்கும் பெயரும் எண்ணும் மட்டுமே மாறியிருக்கும்.

கட்டளை போய்ச் சேரும் விதத்தையும் சோதியுங்கள். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு டெர்லோனின் ஏறத்தாழ 20,000 பேர், முரண்பட்ட உத்தரவுகளால், லீன்யிக்கும் காத்ர் பிராவுக்கும் நடுவே அலைந்து இரு களங்களிலும் போரிடாமல் போனார்கள். நினைத்த காயை நினைத்த நேரத்தில் நகர்த்த விடும் நூலில் இது நடக்கவே நடக்காது. தீர்வு சிக்கலாக இருக்க வேண்டியதில்லை. 1990-இல் வந்த டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாட்டிஸ்) என்ற பண்டைக்காலப் போர்களுக்கான விதிநூல், ஒரு படைக்குப் பன்னிரண்டு காய்கள் மட்டும் தந்து, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை அசைவுகள் கிடைக்கும் என்பதை ஒற்றைப் பகடையிடம் விட்டுவிட்டது. ஒன்று விழும் சுற்றில் படைத்தலைவனின் கையாலாகாத நிலை நமக்கே புரிந்துவிடும்.

பணத்தையும் உழைப்பையும் அதிகமாகத் தின்னும் தவறு அடித்தட்டில் இருக்கிறது. உருவங்களை ஒட்டும் தட்டின் அகலத்தை நூல்கள் தீர்மானிக்கின்றன. ஒட்டி, மணல் தூவி, வண்ணம் தீட்டிய பிறகு நூலை மாற்றினால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருக்கும். பண்டைக்காலத்து 15 மி.மீ. படைக்கு 40 மி.மீ. அகலத் தட்டு பாதுகாப்பானது. பல நூல்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. 6 மி.மீ. நெப்போலியன் படைக்கு 60 மி.மீ. அகலத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இரு படைகளும் உங்களுடையவை என்றால் நூல் சொல்லும் அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரு பக்கமும் ஒரே அகலமாக இருந்து, தூரங்களைத் தட்டின் அகலத்தால் அளந்தால் எந்த நூலும் ஏறக்குறைய நடக்கும். செத்த உருவங்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லும் நூலை மட்டும் 6 மி.மீ. படைக்கு வாங்காதீர்கள், இருபது வீரர்கள் ஒட்டிய தட்டிலிருந்து யாரை எடுப்பது? சேதத்தைச் சிறு குறிப்பான்களால் காட்டும் நூலே அதற்கு ஏற்றது.

ஒவ்வொரு காய்க்கும் ஒரு மதிப்புப் புள்ளி வைத்து இரு பக்கத்துக்கும் சமமான மொத்தம் கொடுக்கும் படைப்பட்டியல்கள் அறிமுகமில்லாதவரோடு ஆட வசதியானவை. அவற்றை மட்டுமே நம்பும் நூலால், மாலை நான்கரை மணிவாக்கில் பிளான்சென்வா கிராமத்துப் பக்கம் பிரஷ்யர்கள் வந்திறங்கும் வாட்டர்லூவைத் தர முடியாது.

யாரோடு ஆடப் போகிறீர்கள் என்பதை முன்பே யோசியுங்கள். பக்கத்தில் ஆட்டத்துணை இல்லாதவர், எதிராளி ஒளித்துவைக்கும் தகவலைச் சார்ந்த நூலைத் தவிர்ப்பது நல்லது. புளூக்கரில் எத்தனை அசைவுகள் மிச்சம் என்பதை எதிராளிதான் மறைத்து வைத்திருப்பார். தனியாக ஆடுபவருக்கு அந்தச் சுவை கிடைக்காது. சீட்டையோ பகடையையோ கொண்டு வரிசையை முடிவுசெய்யும் நூல்களில் தனியாட்டமும் விறுவிறுப்பாகவே இருக்கும்.

உருவம் வாங்கும் முன், அட்டைப்பெட்டியிலிருந்து 40 அல்லது 60 மி.மீ. துண்டுகளை வெட்டி, ஒரு பக்கத்துக்கு நீலமும் மறுபக்கத்துக்குச் சிவப்பும் பூசி, உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே முழு ஆட்டம் ஒன்று ஆடிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை முறை நூலைப் புரட்ட வேண்டியிருந்தது, உங்களை யோசிக்க வைத்த முடிவுகள் எவை என்று எழுதி வையுங்கள். யோசிக்க வைத்தவை நீங்கள் நிற்க விரும்பிய தளபதியின் முடிவுகளாக இருந்தால் அந்த நூலுக்குப் படை வாங்கலாம். இல்லையென்றால் அதே அட்டைகளோடு அடுத்த நூலை எடுங்கள்.