மேற்கே கருக்கும்போது மொட்டை மாடியில் நாம் செய்யும் தவறுகள்

மே மாதக் கடைசி. பகல் முழுக்க 40 டிகிரி வெயில். சாயங்காலம் மேற்கு வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளை மேகம் எழும்பும். ஒரு மணி நேரத்தில் அதன் உச்சி பட்டறைக்கல் போலத் தட்டையாகப் பரவி, அடிப்பக்கம் மை பூசியது போல ஆகிவிடும். தெருவில் யாராவது, "மேற்கே நல்லா கருக்குது, இன்னிக்கு ஊத்தப்போகுது" என்பார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் பாதி மொட்டை மாடிகளில் ஆட்கள் நிற்பார்கள், கையில் போனோடு.

நானும் அவர்களில் ஒருத்திதான். சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டிய ஊரில் வளர்ந்தவள். கோடை இடிமழை வருவதைப் பார்ப்பதைவிடப் பெரிய கொண்டாட்டம் எனக்கு வேறில்லை. அதனால் "வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடங்கள்" என்று சொல்ல வரவில்லை. இத்தனை வருடம் பார்த்ததில் புரிந்தது ஒன்றே ஒன்று. முதல் துளி விழும்வரை மேலே நிற்கலாம், கடைசித் துளி விழுந்ததும் திரும்பப் போகலாம் என்று மழையை வைத்து நேரம் பார்க்கிறோமே, அங்கேதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. காற்றும் மின்னலும் மழைக்கு முன்பே வந்துவிடுகின்றன. மழை விட்ட பிறகும் மின்னல் உடனே போய்விடுவதில்லை.

"காத்து கிழக்கே இருந்து அடிக்குது, மேகம் வராது"

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் மேகமும் போகும் என்ற நினைப்பு.

நடப்பது வேறு. ஜூன், ஜூலையில் மதிய வெயிலில் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரளும். அதைத் தள்ளிக்கொண்டு வருவது தரைக்குப் பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேற்குக் காற்று. அதே நேரம் தரையை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வருகிறது. ஈரம் நிறைந்த அந்தக் கடற்காற்றுதான் மேகத்துக்குத் தீனி. மேகம் அதை இழுத்து மேலே ஏற்றித்தான் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்கிறது. மேற்கே கருத்திருக்கும்போது கிழக்கிலிருந்து ஜில்லென்று காற்று அடித்தால், மேகத்துக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா மாதமும் ஒன்றல்ல. ஏப்ரலில் மேல்காற்றும் கிழக்காக இருந்து, உள்மாவட்ட மேகங்கள் மேற்கே நகரும் நாட்களும் உண்டு. அதனால் காற்றைப் பார்க்காதீர்கள், மேகத்தைப் பாருங்கள். ஒரு செல்போன் கோபுரத்தையோ தென்னை உச்சியையோ அடையாளமாக வைத்து, மேகத்தின் விளிம்பு அதைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பத்து நிமிடம் கவனித்தால் தெரிந்துவிடும்.

மேற்கே இருந்து வருவதைச் சின்ன மழை என்றும் நினைக்கக்கூடாது. 2023 ஜூன் 18 இரவு தொடங்கி விடிய விடியக் கொட்டிய இடிமழையில், 19-ஆம் தேதி சென்னையிலும் சுற்றுவட்டார மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது.

காற்று செத்துப்போனால் மழை கலைந்துவிட்டது என்று நம்புவது

என்னை உண்மையில் பயமுறுத்திய தவறு இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மாலை. கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. வேப்ப மரத்தில் ஓர் இலை அசையவில்லை. காக்கைகள் மட்டும் கிழக்கே பறந்தன. "கலைஞ்சு போச்சு போல" என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த போர்வையை எடுக்கக் கை நீட்டினேன். மூன்று தெரு தள்ளி இருந்த காலி மனையிலிருந்து செம்மண் புழுதி ஆளுயரத்துக்கு எழுந்து, சுவர் மாதிரி வந்தது. அதைப் புழுதி என்று மனம் அடையாளம் காண்பதற்குள் காற்று அறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்தது. படிக்கட்டின் இரும்புக் கதவு படாரென்று மூடிக்கொண்டது. என் விரல்கள் அதன் நிலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தன. ஒரு துளி மழை இன்னும் விழவில்லை.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாரும் அந்த அமைதியை நம்பமாட்டார்கள். மேகத்துக்குள் மழைத்துளிகளும் ஆலங்கட்டிகளும் விழும்போது சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கின்றன. துளிகள் ஆவியாவதாலும் ஆலங்கட்டி உருகுவதாலும் அந்தக் காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று பொத்தென்று தரையில் இறங்கி, குடத்துத் தண்ணீரை வாசலில் கவிழ்த்தால் எல்லாப் பக்கமும் ஓடுமே, அப்படி ஓடுகிறது. மழை விழும் இடத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே அதன் விளிம்பு வந்து சேரும். வேகம் மணிக்கு 60, 70 கிலோமீட்டர்கூட இருக்கும். அடித்த சில நிமிடங்களில் வெப்பம் பத்து டிகிரி குறைந்துவிடுவதும் உண்டு. கடற்காற்று நின்று இந்தக் காற்று வந்து சேரும் இடைவெளிதான் அந்த அமைதி.

அண்ணாந்து கருமேகத்தின் நடுவையே பார்ப்பதை விட்டு, அதன் முன் விளிம்பைப் பாருங்கள். பெரிய மேகத்துக்கு முன்னால், வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்கியது போல, தாழ்வான ஒரு மேகப் பட்டை நீளமாக வரும். அதன் கீழே தொடுவானம் வெளிறிய பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும். அந்தத் தாழ்வாரமும் அதன் கீழே புழுதியும் கண்ணில் பட்டால் உங்களிடம் சில நிமிடங்களே மிச்சம். போர்வை கிடக்கட்டும், இறங்கிவிடுங்கள். பூந்தொட்டி, நாற்காலி, தகரத் துண்டு இவற்றை ஒதுக்கிக் கட்ட வேண்டிய நேரம் மேகம் வெள்ளையாக இருக்கும்போதே முடிந்துவிட்டது.

"ஓரிரு இடங்களில்" என்றால் நம் இடம் இல்லை என்று நினைப்பது

வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று வந்தால் பலரும் அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். அது பலத்தைச் சொல்லும் சொல் அல்ல, பரப்பைச் சொல்லும் சொல். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்பதே அதன் பொருள். அந்தக் கால் பங்கில் ஓர் ஊருக்குச் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்தே கிடைக்கலாம்.

காலையில் பார்த்த அறிக்கையோடு நிறுத்திவிடுவதும் தவறு. கோடை இடிமேகம் ஒரு மணி நேரத்தில் உருவாகி, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். அதற்கென்றே இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையைத் தனியாக வெளியிடுகிறது. மின்னலுக்கு, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறதா என்று காட்டும்.

ரேடார் படம் பார்ப்பவர்கள் செய்யும் தவறு கொஞ்சம் நுட்பமானது. பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் திட்டு இன்னும் பூந்தமல்லியைத் தாண்டவில்லை என்று போனைப் பார்த்தபடி மாடியில் நிற்பார்கள். அந்தப் படம் குறைந்தது பத்து நிமிடம் பழையது. மணிக்கு 40 கிலோமீட்டரில் நகரும் மேகம் அதற்குள் ஆறு, ஏழு கிலோமீட்டர் வந்திருக்கும். முன்னால் ஓடிவரும் குளிர்காற்றின் விளிம்பு அந்த வண்ணங்களில் பெரும்பாலும் தெரியாது. அந்த விளிம்பு வெப்பக் காற்றை மேலே தள்ளித் தள்ளிப் புது மேகங்களை முன்னால் முளைக்க வைப்பதால், மழை நகர்ந்து வராமல் தாவியும் வரும்.

விநாடி எண்ணிவிட்டு "இன்னும் தூரம்தான்" என்பது

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்பதால் கணக்கு சரிதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. பன்னிரண்டு எண்ணினால் நான்கு கிலோமீட்டர். ஆனால் அந்த எண்ணிக்கை விழுந்து முடிந்த மின்னலின் தூரத்தைச் சொல்கிறதே தவிர, அடுத்தது எங்கே விழும் என்பதைச் சொல்லாது. மழை கொட்டும் இடத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளி, தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும் இடத்திலும் மின்னல் இறங்கும். இடிச் சத்தமும் சாதாரணமாக 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். ஆக, இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். முதல் இடி கேட்டதும் மாடியை விட்டு இறங்க வேண்டும். எண்ணுவதை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து எண்ணுங்கள். அதுவும் நல்ல பொழுதுபோக்குதான்.

ராத்திரியில் சத்தமே இல்லாமல் தொடுவானத்தில் பளிச்சிடுவதைச் சூட்டு மின்னல் என்பார்கள். அதுவும் நிஜ இடிமேகம்தான். தூரம் அதிகம் என்பதால் சத்தம் வந்து சேரவில்லை. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

ஒதுங்கும் இடம்

இந்தியாவில் மின்னலால் வருடத்துக்கு 2,500 பேருக்கு மேல் சாகிறார்கள். வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் வேலை செய்கிறவர்களே அதில் அதிகம். நனையாமல் இருக்க ஒதுங்கும் இடத்தை நாம் பாதுகாப்பான இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். புளிய மரம், பனை, பஸ் நிழற்குடை, கீற்றுக் கொட்டகை, டீக்கடைத் தகரப் பந்தல் எல்லாம் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. மரத்தில் விழும் மின்னல் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மீது தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். மரத்தடியில் ஒண்டிய ஆடுகள் மொத்தமாக விழுந்துகிடப்பது அதனால்தான். நாலு சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள வீடு, அல்லது கண்ணாடி ஏற்றிய கார், இவை இரண்டும்தான் இடம். காரைக் காப்பாற்றுவது டயர் ரப்பர் இல்லை. உங்களைச் சுற்றியிருக்கும் இரும்புக்கூடு மின்சாரத்தை வெளியே வழியனுப்பிவிடுகிறது. பைக்கில் அந்தக் கூடு கிடையாது. ரப்பர் செருப்பும் காப்பாற்றாது. காரை மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். நகரத்தில் முதல் காற்றுக்கே கிளை முறிபவை அவை.

வீட்டுக்குள் வந்த பிறகு குளியலறைக் குழாய், சார்ஜில் இருக்கும் போன், ஒயரில் ஓடும் எதுவும் வேண்டாம். டிவி, ஃப்ரிட்ஜ் பிளக்கை இடிக்கு நடுவில் ஓடிப்போய்ப் பிடுங்காமல் முன்பே எடுத்துவிடுங்கள். ஒயரில்லாத கையில் இருக்கும் போன் மின்னலை இழுக்காது. அந்தப் பயம் தேவையில்லை. சில ஊர்களில் இடி இடித்தால் வாசலில் அரிவாளையோ கடப்பாரையையோ போடுவார்கள். எங்கள் பாட்டி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். அர்ச்சுனனைத் திண்ணையைத் தாண்டாமலே கூப்பிடலாம். இரும்பைப் போட வெளியே போவதுதான் ஆபத்து.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால், தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்காதீர்கள். மின்னல் அடித்த உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு நின்றிருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தமாக, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் அவருக்கு மருத்துவர்.

மழை விட்டதும் மேலே ஓடுவது

மழை ஓய்ந்து, மண்வாசனை வீட்டுக்குள் வரும் நேரத்தில் கால் தானாகப் படிக்கட்டுக்குப் போகும். கொட்டிய பகுதி தாண்டிப் போனாலும் மேகத்தின் பின்பகுதி இன்னும் தலைக்கு மேலே பரந்து கிடக்கும். அதிலிருந்து எப்போதாவது ஒன்று இறங்கும். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும். நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

தெருவில் இறங்குவதானால் மேலே பார்ப்பதைவிடக் கீழே பாருங்கள். முறிந்த கிளையோடு மின்கம்பியும் விழுந்திருக்கும், தேங்கிய தண்ணீரில் அது தெரியாது. கம்பி கிடப்பதைப் பார்த்தால் பத்து மீட்டராவது தள்ளி நின்று, மற்றவர்களையும் நிறுத்தி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். கரண்ட் இல்லை என்பதால் கம்பியிலும் இல்லை என்று ஆகாது.

அந்த அரை மணி நேரம் முடிந்த பிறகு நான் திரும்ப மாடிக்குப் போவேன். தரை ஈரத்தில் கால் சில்லிடும். கரண்ட் வந்திருக்காது, சுற்றிலும் தவளைச் சத்தம் மட்டும் கேட்கும். கிழக்கே வங்கக் கடலுக்கு மேலே அந்த மேகம் முழு உருவமும் தெரிய நிற்கும், பட்டறைக்கல் உச்சியோடு. உள்ளே மின்னும்போதெல்லாம் பஞ்சுப் பொதிக்குள் விளக்கு ஏற்றினாற்போல ஒவ்வொரு மடிப்பாகத் தெரிந்து மறையும். சத்தம் இங்கே வராது.