ஓசிடி: மரபணு, மூளைப் பேச்சில் நாம் போடும் தப்புக்கணக்குகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண ஆலோசனை வந்தால் முதல் வேலை விசாரிப்பதுதான். நிலம் நீச்சு, நகை, வேலை எல்லாம் கேட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்ல யாருக்காவது மனசுக்குச் சுகமில்லாம இருந்துச்சா?" என்று ஒரு கேள்வி வரும். முன்பெல்லாம் "கிறுக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இப்போது மாப்பிள்ளையின் அண்ணன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓசிடியாம். ஜீன்ல வாறது, பாதிக்குப் பாதி பிள்ளையளுக்கும் வரும்" என்கிறார். கேட்க அறிவியல் போலத்தான் இருக்கிறது. கணக்குத்தான் தப்பு.

எண்ணச் சுழற்சி நோய் என்கிற ஓசிடி நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் வரும். அது கிளப்பும் பதற்றத்தை அடக்க, கழுவுவதோ சரிபார்ப்பதோ மனதுக்குள் ஜெபிப்பதோ, ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும் என்று தோன்றும்.

"பாதிக்குப் பாதி" எங்கிருந்து வந்தது? இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பெரியவர்களிடம் ஓசிடியில் மரபின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் என்கின்றன. இதைப் படித்தவுடன், இரண்டு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண் சொல்வது வேறு. ஒரு பெரிய மக்கள்தொகையில் சிலருக்கு வருகிறது, பலருக்கு வருவதில்லை. இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபு வித்தியாசத்தால் விளக்கலாம் என்பதுதான் அதன் பொருள். குறிப்பிட்ட ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் பார்க்க வேண்டியது குடும்ப ஆய்வுகளை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் சுமார் 12 சதவீதத்தினருக்கு ஓசிடி இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த குடும்பங்களில் சுமார் 3 சதவீதம். நாலு மடங்கு என்று சொன்னால் பயம் வரும். அதே கணக்கைத் திருப்பிச் சொன்னால், நோயாளியின் நெருங்கிய சொந்தத்தில் நூற்றுக்கு 88 பேருக்கு நோய் இல்லை. சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்ல ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் இந்த எண்ணைக் காட்டிச் சொல்வது நியாயமில்லை. சிறு வயதிலேயே தொடங்கும் ஓசிடியில் குடும்பத் தொடர்பு கூடுதல் என்பது உண்மை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"ஓசிடி ஜீன்" என்று ஒன்றைத் தேடுவது அடுத்த தவறு. பாடப்புத்தகங்களில் இன்னமும் சிஓஎம்டி, செர்ட் என்று இரண்டு மரபணுக்களின் பெயர்கள் வரும். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருகிறார்கள். சிறு சிறு ஆய்வுகளில் தலைகாட்டிய அந்தத் தொடர்புகள் பெரிய ஆய்வுகளில் உறுதியாக நிற்கவில்லை. 2025-இல் வந்த பெரிய ஆய்வில் 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தொகுதியை 20 லட்சம் பேருடையதோடு ஒப்பிட்டார்கள். நோயோடு தொடர்புள்ள இடங்களாக 30 கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இன்னும் ஆயிரக்கணக்கான சிறு மாறுபாடுகள் சேர்ந்துதான் நோய் வரும் சாய்வை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் கணிப்பு. அதனால் ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் ஓசிடி வருமா என்று பார்த்துச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

சிலர் எதிர்ப்பக்கம் போய், "அம்மை எப்பவும் கழுவிக்கிட்டே இருப்பா, அதைப் பாத்துதான் மகளும் படிச்சா" என்று தாய் தலையில் போடுவார்கள். ஒரே வீட்டில் வளர்ந்ததால் மட்டும் வரும் பாதிப்பு குறைவு என்றே இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

மூளை விஷயத்துக்கு வருவோம். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் பிடிக்கும் ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு இறங்குமுன் கேஸ் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்க்கிறான், போனில் படமும் எடுத்துக்கொள்கிறான். வில்லுக்குறி வரும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறான். அடைத்துத்தான் இருக்கிறது. பார்வதிபுரம் வருவதற்குள் வேறு சந்தேகம்: இது இன்றைக்கு எடுத்த படம்தானா? அம்மாவைக் கூப்பிடுகிறான். "அடைச்சாச்சு மக்ளே" என்கிறாள். ஐந்து நிமிடம் நிம்மதி.

இதை மறதி என்று நினைப்பது தவறு. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முன்மூளையின் அடியில் கண்களுக்கு மேலே இருக்கும் ஆர்பிடோஃப்ரன்டல் கார்டெக்ஸ் "ஏதோ சரியில்லை" என்ற குறிப்பை எழுப்புவதில் பங்கு வகிக்கிறது. அந்தக் குறிப்பு மூளையின் உட்பகுதியில் உள்ள காடேட் வழியாக, அங்கேயே இருக்கும் தலமஸுக்குப் போய்த் திரும்ப முன்மூளைக்கே வருகிறது. சாதாரணமாக நடுவில் அடங்கிவிடும். ஓசிடியில் இந்தச் சுற்று அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால்தான் கண்ணால் கண்ட சான்றும் அவனுக்குப் போதவில்லை.

ஆனால் இதை வைத்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். ஆய்வுகளில் தெரியும் வேறுபாடுகள் பல நோயாளிகளின் படங்களைச் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது தெரிபவை. ஒருவருடைய எம்ஆர்ஐயைப் பார்த்து ஓசிடி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்ததும், "ஒண்ணுமில்ல, எல்லாம் நடிப்பு" என்று வீட்டில் திட்டு விழுவது இதைவிடக் கொடுமை.

எண்ணத்தின் உள்ளடக்கத்தையும் மரபணு எழுதித் தருவதில்லை. நற்கருணை வாங்கும் நேரத்தில் கெட்ட வார்த்தை தோன்றி, வாரத்துக்கு நாலு முறை பாவசங்கீர்த்தனம் செய்பவர் உண்டு. கோயில் நடையில் சாமியைப் பற்றித் தகாத எண்ணம் வந்து நடுங்குபவர் உண்டு. எது புனிதமோ, எது பயமோ, நோய் அதையே பிடித்துக்கொள்ளும். அந்த எண்ணம் அவருடைய ஆசையும் அல்ல, பேயும் அல்ல. இப்படிப்பட்ட எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன என்று 1978-லேயே காட்டிவிட்டார்கள்.

"செரட்டோனின் குறைஞ்சுபோச்சு" என்பது இன்னொரு வழக்கமான வாசகம். செரட்டோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். க்ளோமிப்ரமின் என்ற மாத்திரை ஓசிடிக்குப் பலன் தந்தது. அது செரட்டோனினில் வேலை செய்வது. அந்த வேலையைப் பெரிதாகச் செய்யாத மாத்திரைகள் அவ்வளவு பலன் தரவில்லை. அதிலிருந்து பிறந்த ஊகம் அது. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதால் காய்ச்சல் பாராசிட்டமால் குறைபாடு ஆகிவிடாது. ரத்தத்தில் செரட்டோனின் பார்ப்பதிலும் பயனில்லை, உடம்பில் உள்ளதில் பெரும்பகுதி குடலில் உண்டாவது. மாத்திரை சாப்பிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஓசிடிக்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவது வழக்கம், பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் "கேக்கல" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

மூளை நோய்க்குப் பேசி என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1992-லேயே பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு குழுவினருக்கு மாத்திரை, இன்னொரு குழுவினருக்கு நடத்தைச் சிகிச்சை கொடுத்து, முன்னும் பின்னும், மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் குணம் தெரிந்தவர்களின் காடேட் செயல்பாடு இறங்கியிருந்தது. நடத்தைச் சிகிச்சையில், சந்தேகம் வந்தாலும் சரிபார்க்காமல் இருக்கப் பழக்குவார்கள். அந்த மாணவனின் அம்மாவும் "அடைச்சாச்சு மக்ளே" என்பதைச் சிகிச்சையாளர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

குடும்ப வரலாறு கல்யாணத் தரகருக்கு உதவாது, மருத்துவருக்கு உதவும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போனாலும் சரி, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசினாலும் சரி, இரண்டை மறைக்காதீர்கள். ஒன்று, உங்களுக்கோ நெருங்கிய சொந்தத்திலோ கண் வெட்டுதல், தோள் குலுக்குதல் போன்ற டிக்ஸ் இருந்ததா. இருந்தால் மாத்திரையோடு வேறொன்றைச் சேர்க்க யோசிப்பார்கள். இரண்டு, யாருக்காவது இருதுருவ மனநோய் (பைபோலார்) இருந்ததா. அது தெரியாமல் ஓசிடி மாத்திரையைத் தொடங்கினால் சிலருக்கு மனம் மட்டுமீறிக் கிளர்ந்துவிடும்.